கலைச்சொல் மடல்: பொய் அலாரமும் வீண் அலாரமும் ஒன்றா?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டுப் பாதுகாப்புக் கருவிகளுக்கான பயனர் கையேட்டைத் தமிழாக்கும் வேலையில், "திருடன் யாரும் வராமலே அலாரம் அடிப்பது" என்பதற்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். மறுமொழிகள் குவிந்துவிட்டன, நன்றி. தவறான எச்சரிக்கை, பொய்யொலி, வெற்றுமணி, தொல்லை அலாரம், அலர் என்று பட்டியல் நீண்டிருக்கிறது. இவற்றை வைத்துக்கொண்டு கையேட்டின் பழுது பார்க்கும் அத்தியாயத்தை எழுதிப் பார்த்தேன். எந்தச் சொல்லைப் போட்டாலும் அத்தியாயம் குழம்புகிறது. ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று வேறு விஷயங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் பெயர் வைத்தால், வாசகர் சம்பந்தமில்லாத இடத்தில் ஸ்குரூடிரைவரோடு நிற்பார்.

மடல்களுக்கு இடையிலேயே பதில் எழுதுகிறேன்.

> முதலில் 'அலாரம்' என்பதை மாற்றுங்கள். 'எச்சரிக்கை' இருக்கும்போது கடன் எதற்கு?

ஐயா, இந்தத் துறையில் எச்சரிக்கைக்கு வேறு வேலை இருக்கிறது. பேனல், அதாவது எல்லா உணரிகளும் (சென்சார்) வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டி, மூன்று விதமாகப் பேசும். யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்றால் சைரன் அலறும், அது அலாரம். உணரியின் வயர் அறுந்துவிட்டது என்றால் அது கோளாறு. பேட்டரி தீரப்போகிறது என்றால் விட்டுவிட்டு 'பீப்' அடிக்கும், அதுதான் எச்சரிக்கை. நடுராத்திரியில் திரையில் 'எச்சரிக்கை' என்று வந்தால், கதவைப் பூட்டிக்கொண்டு போலீசைக் கூப்பிடுவதா, காலையில் பேட்டரி வாங்குவதா என்று வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாமா? கடிகாரத்தில் அலாரம் வைக்காத வீடு இல்லை. அந்தச் சொல் இருக்கட்டும்.

> 'அலர்' என்பதைப் பரிசீலிக்கலாமே? ஊரார் கிளப்பும் வெற்றுப் பேச்சு. ஒலியும் ஒத்துப்போகிறது.

அழகான யோசனை, ரசித்தேன். ஆனால் அகப்பாடல்களில் வரும் அலர் பெரும்பாலும் உண்மை அல்லவா! தலைவன் வந்துபோனது நிஜம். ஊர் அதைத்தான் பேசுகிறது. திருடன் வந்துபோனதை ஊருக்குச் சொல்லும் ஒழுங்கான அலாரத்துக்கு வேண்டுமானால் இந்தப் பெயர் பொருந்தும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். திருடன் இல்லாத அலாரம் எத்தனை வகை?

பி.ஐ.ஆர். என்று கடைக்காரர்கள் சொல்லும் அகச்சிவப்பு உணரியை எடுத்துக்கொள்வோம். அது தன் பங்குக்கு எந்தக் கதிரையும் அனுப்புவதில்லை. முகப்பில் இருக்கும் வரிவரியான பிளாஸ்டிக் வில்லை, அறையை விசிறி மடிப்புபோலப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. மனித உடலின் வெப்பம் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகர்ந்தால் உள்ளே உள்ள இரட்டை உணர்பகுதியில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். அதை ஆள் நடமாட்டம் என்று உணரி எடுத்துக்கொள்கிறது. ஆக, அதற்குத் தெரிவதெல்லாம் நகரும் வெப்ப வேறுபாடு மட்டும்தான். ஹீட்டருக்கு மேலே திரைச்சீலை ஆடினாலும் அதே கதை, வெயில் விழுந்து சூடான தரையில் நிழல் வந்து விலகினாலும் அதே கதை. வீட்டுப் பூனை சோபாவிலிருந்து அலமாரிக்குத் தாவினால் கேட்கவே வேண்டாம். 'செல்லப்பிராணிக்கு அடிக்காது' என்று விற்கும் உணரிகூட, பிராணி தரையில் நடக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டதுதான். சோபாவின் மேல் ஏறி நின்றால் கணக்கு தப்பிவிடும்.

இங்கே உணரி ஒரு தவறும் செய்யவில்லை. நகர்ந்ததைப் பார்த்தது, சொன்னது. வந்தது திருடன் இல்லை, அவ்வளவுதான். உணரியைக் கழற்றிப் புதிதாக மாட்டினாலும் நாளைக்கு அதே பூனை அதே அலமாரிக்குத் தாவும். இதற்கு மருந்து இடத்தை மாற்றுவது, கோணத்தை மாற்றுவது, உணர்திறனைக் குறைப்பது, அல்லது வேறு வகை உணரியைத் தேர்ந்தெடுப்பது.

அடுத்தது வேறு ரகம். கதவில் இருக்கும் காந்தச் சுவிட்சைப் பாருங்கள். கதவின் நிலைச்சட்டத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். கதவில் ஒரு காந்தம். கதவு மூடியிருக்கும்போது காந்தம் அந்த நாக்குகளை ஒட்ட வைக்கிறது. கீல் தளர்ந்து கதவு கொஞ்சம் இறங்கினாலும் இடைவெளி கூடி, நாக்குகள் ஒட்டுவதும் விடுவதுமாக ஊசலாடும். கதவை யாரும் தொடவில்லை. ஆனாலும் பேனலின் பதிவேட்டில் '3-ஆம் மண்டலம் திறந்தது, மூடியது, திறந்தது' என்று வரிசையாக விழும் (வீட்டின் ஒவ்வொரு காவல் பகுதிக்கும் பேனல் வைக்கும் பெயர்தான் மண்டலம்).

பேட்டரிக்கும் இதே ரகத்தில்தான் இடம். வயர் வழி பேனல்கள் பலவற்றில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி இருக்கும். மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் அதன் சக்தி போய்விடும், ஆனால் கரண்ட் இருக்கும் வரை யாருக்கும் தெரியாது. கரண்ட் போனதும் மின்னழுத்தம் சரிகிறது, உணரிக்குள் இருக்கும் ரிலே என்ற மின்காந்தச் சுவிட்ச் பிடிப்பை விடுகிறது, சுற்று திறந்துகொள்கிறது. பேனலுக்கு அது ஆள் நடந்ததுபோலவே தெரியும். உணரி மேல் பழி விழும், கடைசியில் குற்றவாளி பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி.

முதல் ரகத்தில் பார்த்ததற்குக் காரணம் வெளியே உண்டு. இரண்டாவதில் பார்க்க எதுவுமே இல்லை, கருவியே கிளப்பிவிட்ட புரளி. பாதுகாப்புப் பொறியியலில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. தனித்தனியாகத்தான் கணக்கும் வைக்கிறார்கள். அன்றாடப் பேச்சில்தான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. போலீசுக்கு அப்படி ஒன்றாக இருப்பதில் நஷ்டமில்லை. ஓடிவந்து பார்த்தால் திருடன் இல்லை, அவர்களுக்கு அது போதும். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2000-ஆம் ஆண்டிலிருந்து, யாராவது நேரில் பார்த்து உறுதி சொன்னால்தான் வீட்டு அலாரத்துக்குப் போலீஸ் வரும் என்று விதியே போட்டார்கள். ஆனால் நம் கையேட்டைப் படிப்பவர் போலீஸ் இல்லை, வீட்டுக்காரர். அவருக்கு வேண்டியது எங்கே கை வைப்பது என்ற விவரம்.

ஆகவே என் பரிந்துரை:

உணரி சரியாகவே பார்த்து, காரணம் மட்டும் திருடனாக இல்லாவிட்டால் *வீண் அலாரம்*. காரணமே இல்லாமல் கருவிக் கோளாறால் அடித்தால் *பொய் அலாரம்*.

> பொய் என்றால் ஏமாற்றும் எண்ணம் வேண்டும். இயந்திரம் எப்படிப் பொய் சொல்லும்?

அம்மா, பொய்க்கால் குதிரை யாரை ஏமாற்றுகிறது? பொய்ப்பல் வைத்திருப்பவரை நாம் பொய்யர் என்பதில்லையே. உள்ளது போன்ற தோற்றம், உள்ளே மெய் இல்லை. அந்தப் பொருளில் 'பொய்' நமக்குப் பழக்கப்பட்ட சொல்தான்.

> 'தொல்லை அலாரம்' நேரடியாக இருக்கிறதே, வீண் எதற்கு?

ராத்திரி இரண்டு மணிக்கு அடிக்கிற எல்லா அலாரமும் தொல்லைதான், பேட்டரி செத்து அடித்தாலும் சரி, பூனை ஓடி அடித்தாலும் சரி. பிரித்துக் காட்ட அது உதவாது. 'வீண்' என்பதில் உழைப்பு நடந்தது, பயன் இல்லை என்ற தொனி இருக்கிறது. உணரி உழைத்தது, பலன் பூனை.

> நான் பதினைந்து வருடமாக இவற்றைப் பொருத்துகிறவன். வாடிக்கையாளருக்கு 'சும்மா அடிக்குது' என்ற ஒரே வகைதான் தெரியும். எது வீண், எது பொய் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

குழுவில் வந்த கேள்விகளிலேயே பயனுள்ளது இதுதான், ஐயா. பேனலின் நிகழ்வுப் பதிவேடு பாதி வேலையைச் செய்துவிடும் என்று நினைக்கிறேன். தினமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அடித்தால் வெயிலோ ஹீட்டரோ, அது வீண். கரண்ட் போய்வந்ததை ஒட்டி அடித்தால் பேட்டரி, அது பொய். காற்றடிக்கும் நாளில் கதவு மண்டலம் மட்டும் அடித்தால் கொஞ்சம் தகராறு. கதவு உண்மையிலேயே ஆடுகிறது, ஆனால் சுவிட்சின் இடைவெளியும் கூடியிருக்கலாம். மூடிய கதவைக் கையால் அசைத்துக்கொண்டே பேனலின் விளக்கைப் பார்க்கச் சொல்லலாம். அகச்சிவப்பு உணரி என்றால் நடை சோதனை முறையில் வைத்து, அறை காலியாக இருக்கும்போது அதன் சிவப்பு விளக்கு தானாக மினுக்குகிறதா என்று வாசலில் இருந்து பார்க்கலாம். வயர்க் கோளாறு என்றால் மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கு உங்களைப் போன்றவரைத்தான் கூப்பிட வேண்டும். சுற்றின் கடைசியில், உணரிக்குள் இருக்க வேண்டிய மின்தடையை வேலை சுலபம் என்று பேனலுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றியும் நீங்கள் ஒரு மடல் எழுத வேண்டும். அப்படி வைத்தால் வயரில் குறுக்குச்சுற்று (ஷார்ட்) ஏற்பட்டாலும் பேனலுக்குத் தெரியாது என்பது வாங்குபவர் பலருக்குத் தெரிவதில்லை.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் அத்தியாயத்திலும் இந்தப் பிரிவு கைகொடுக்கிறது. அகச்சிவப்பும் மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை உணரிகள் 'பொய் அலாரமே கிடையாது' என்று விளம்பரமாகின்றன. நம் சொற்படி அது வீண் அலாரத்தைத்தான் குறைக்கும். ஹீட்டரின் வெப்பம் அகச்சிவப்பை ஏமாற்றும், மைக்ரோவேவை ஏமாற்றாது. மைக்ரோவேவ் மெல்லிய சுவரையும் கண்ணாடியையும் தாண்டிப் பார்க்கும், அகச்சிவப்பு பார்க்காது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒத்துக்கொண்டால்தான் அடிக்கும் என்பதால் வீண் குறைகிறது. தளர்ந்த வயருக்கும் செத்த பேட்டரிக்கும் அந்தக் கூடுதல் பணம் ஒன்றும் செய்யாது. கேமராவில் வரும் அசைவு அறிவிப்புகளும் பெரும்பாலும் வீண் ரகம்தான். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்கு முன்னால் ஒற்றைச் சிலந்தி இழை தொங்கினால் போதும், அது திரையில் தடித்த வெள்ளைக் கயிறாக ஆடும். விடியும்வரை போனுக்கு அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். கேமராவை மாற்ற வேண்டாம், ஒரு துடைப்பம் போதும்.

மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கிறேன். வீட்டுக்காரரே உள்ளே வந்து, அலாரத்தை நிறுத்தக் கிடைக்கும் அவகாசத்துக்குள் ரகசிய எண்ணை அழுத்தாமல் விடுவது. அல்லது அலாரத்தைப் போட்டுவிட்டு, மறந்த சாவிக்காகத் திரும்ப உள்ளே வருவது. இதற்கு *கைப்பிசகு அலாரம்*. அமெரிக்காவின் சிபி-01 தரநிலை நுழைவு அவகாசம் 30 விநாடிக்குக் குறையக்கூடாது என்று வைத்திருப்பது இந்தப் பிசகை மனதில் வைத்துத்தான். 'பயனர் பிழை' என்று எழுதலாம்தான். வீட்டுக்காரரைக் கூண்டில் ஏற்றுவதுபோல இருக்கிறது. கைப்பிசகு யாருக்கும் வரும்.

'புலி வருது அலாரம்' என்று பரிந்துரைத்த நண்பருக்கு: சிரித்தேன், கையேட்டில் போட முடியாது. ஆனால் சைரனை அடிக்கடி கேட்டுப் பழகிய அக்கம்பக்கத்தார் ஜன்னலைக்கூடத் திறக்காமல் போகிற நிலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. முன்னுரையில் எங்காவது நுழைத்துவிடுகிறேன்.

இன்னும் ஒன்று தீராமல் நிற்கிறது. திருடன் வந்தும் அலாரம் அடிக்காமல் போவதற்கு என்ன சொல்வது? 'தவறிய அலாரம்' என்றால், தவறிய அழைப்பு போல, அடித்தது நாம்தான் கவனிக்கவில்லை என்று ஆகிவிடும். 'ஊமை அலாரம்' முடியாது. சத்தம் போடாமல் கண்காணிப்பு மையத்துக்கு மட்டும் தகவல் அனுப்பும் வகைக்கு அந்தப் பெயர் தேவை. 'கோட்டைவிட்ட அலாரம்' பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் திரையில் அதிக இடத்தை அடைக்கும். மழை பொய்த்தது என்கிறோமே, வர வேண்டியது வரவில்லை என்ற பொருளில். அந்த வழியில் 'பொய்த்த அலாரம்' என்பதுதான் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. சிக்கல் என்னவென்றால், பக்கத்து வரியில் 'பொய் அலாரம்' இருக்கும். ஒரு 'த்த' வித்தியாசத்தில் நேர் எதிரான இரண்டு பொருள். அவசரத்தில் படிக்கிறவர் நிச்சயம் மாற்றிப் படிப்பார்.

பொய்த்த அலாரத்தை வைத்துக்கொண்டு பொய் அலாரத்துக்கு வேறு சொல் தேடலாமா, அல்லது மாற்றியா? பட்டியலில் இருந்த 'வெற்றுமணி'யை 'வெற்று அலாரம்' என்று மாற்றி அங்கே கொண்டுவரலாம் என்று தோன்றுகிறது. பொருத்துகிற ஐயா இரண்டையும் வாடிக்கையாளரிடம் சொல்லிப் பார்த்து, எது நாக்கில் நிற்கிறது என்று எழுதினால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.