பழைய டொல்பின் வானில் பிரேக் பிடிக்குதில்லை, பூஸ்டர் மாற்றத்தான் வேணுமா?

நிலாவெளி மீன்வான்:
டீசல் டொல்பின் வான் (டொயோட்டா ஹயஸ்), 1992. கிழமையில் மூன்று நாள் நிலாவெளியிலிருந்து ஹபரணைக்கு மீன் ஏற்றுகிறேன். ஒரு மாதமாகப் பிரேக்கில் பிடிப்பில்லை. போன கிழமை கந்தளாய்க்குக் கிட்ட மாடு குறுக்கே வந்தது, முழுக்காலையும் வைத்து அமத்தியும் வான் இழுத்துக்கொண்டு போய்த்தான் நின்றது. உடம்பு நடுங்கிவிட்டது. பெடல் ஆழமாகப் போகுது, இரண்டு மூன்று தரம் அடித்து மிதித்தால்தான் மேலே வருது. கராஜில் பின் பிரேக் ஷூ மாற்றினார்கள், சில நாள் நல்லா இருந்தது, பிறகு பழையபடிதான். இப்போது பூஸ்டர் மாற்றச் சொல்கிறார்கள்.

உப்புவெளி பாஸ்:
காசைக் கொடுக்காதீர்கள் தம்பி. பூஸ்டர் என்பது காலின் அமத்தலுக்குப் பலம் சேர்க்கிற சாமான், அது போனால் பெடல் கல்லுப் போல இறுகும், உங்களுடையது ஆழமாகப் போகுது, இது வேறு வருத்தம். சந்தேகமென்றால் எஞ்சினை நிற்பாட்டி ஐந்தாறு தரம் மிதியுங்கள், பிறகு காலை அமத்தி வைத்தபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டரும், அதற்காகக் காற்றை உறிஞ்சுகிற, ஓல்டனேட்டருக்குப் பின்னால் இருக்கிற வெக்கூம் பம்பும் வேலை செய்கிறது.

அடுத்தது, எஞ்சின் ஓட ஒரு நிமிடம் ஒரே அமத்தில் காலை வையுங்கள். மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கேயோ பிரேக் ஒயில் ஒழுகுது, இல்லையென்றால் பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் சீல் தேய்ந்திருக்கு. பிரேக் ஒயில் டப்பாவில் ஒயில் குறைகிறதா?

மூதூர் லொறி:
ஷூ மாற்றியபோது ஒயில் விட்டு, பைப்பில் இருந்த எயாரும் எடுத்திருப்பார்கள், அதுதான் அந்தச் சில நாள் சுகம். நானும் மீன் ஏற்றினவன். பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர் முழுக்க உப்பு, அது பலகை வழியே பின் பிரேக் பைப்பில்தான் விழும். அடியில் போய்க் கையால் தடவிப் பாருங்கள், பின் சில்லுகளின் உள்பக்கத்தையும் பாருங்கள், ஈரமென்றால் சில்லுக்குள் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் ஒழுகுது.

நிலாவெளி மீன்வான்:
அண்ணை, நீங்கள் சொன்னதுதான்! பூஸ்டர் நல்லா இருக்கு, ஆனால் டப்பாவில் ஒயில் பாதிக்குக் கீழே. பின் அச்சுக்குப் போகிற பைப் துருவில் உரிந்து, ஒரு இடத்தில் ஈரமாக இருக்கு. வெட்டி ஒட்டலாமா?

உப்புவெளி பாஸ்:
ஒட்டவே வேண்டாம். ஒரு இடம் ஓட்டையென்றால் மற்ற இடமும் மெலிந்திருக்கும், முழுப் பைப்பையும் மாற்றுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி என்பதால்தான் இன்றைக்கும் முன் பிரேக்காவது நிற்பாட்டுகிறது. பழைய ஒயிலை முழுதாக வெளியேற்றி மூடி உடைக்காத புது டொட் 3 பிரேக் ஒயில் விடுங்கள், திறந்து வைத்த போத்தல் ஈரம் குடித்திருக்கும். எயார் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருக்கிற பின் இடது சில்லில் தொடங்குங்கள். அதுவரை வானை வீட்டை விட்டு எடுக்காதீர்கள்.

நிலாவெளி மீன்வான்:
சரி அண்ணை. நாளைக்கு மீன் வேறு வானில் போகுது. பைப் மாற்றும்போதே ஐஸ் தண்ணீர் அச்சில் விழாமல் வெளியே வடிய ஒரு குழாயும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.