கத்துகிறவருக்குக் கூப்பன் கொடுத்தால் அடுத்தவரும் கத்துவார்: தீம் பார்க் வேலையில் பார்த்தவை

வேலூர் பக்கம் ஒரு தீம் பார்க்கில் ரைடு பிரிவில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆரணி என்று சுற்றுவட்டாரம் மொத்தமும் அங்கே வரும். சித்தூரிலிருந்து தெலுங்குக் குடும்பங்கள் வரும், ஸ்ரீபுரம் பொற்கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே பஸ்ஸோடு வந்து இறங்குகிறவர்களும் உண்டு. மே மாத வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, 40 டிகிரியைத் தாண்டினாலும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அந்த வெயிலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கியூவில் நிற்கிற மனிதர் எரிந்து விழுவதை நான் தப்பாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு குடும்பம் டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசு சிலருக்கு ஒரு வாரக் கூலி. ஆனால் எரிச்சலில் பேசுவது வேறு, வேலை பார்க்கிற பெண்ணைப் பார்த்து இவளை என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று பேசுவது வேறு. நான் இங்கே சொல்ல வந்தது இரண்டாவது வகையை.

அதிகமாகச் சண்டை வருகிற இடம் உயரம் பார்க்கிற பலகைதான். எங்கள் பெரிய ரைடு ஒன்றுக்கு 120 செ.மீ. உயரம் வேண்டும். ஆம்பூரிலிருந்து வந்த ஒரு அப்பா, பையனுக்கு ஏழெட்டு வயசிருக்கும், ஒரு மணி நேரத்துக்கும் மேலே கியூவில் நின்று மேலே வந்துவிட்டார்கள். பலகையில் நிறுத்தினால் பையனின் தலை கோட்டுக்கு நாலு விரல் கீழே. பையன் குதிகாலைத் தூக்கினான், அப்பா அவன் முடியைக் கையால் மேலே இழுத்துவிட்டார். முடியாது சார் என்றதும் ஆரம்பித்தார். "இன்னாமா, துட்டு வாங்கும்போது மட்டும் இனிச்சிதா? கீழயே அளந்து பாத்துத் தொலைய வேண்டியதுதானே?"

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி, அதை நான் இன்றைக்கும் சொல்வேன். கீழே டிக்கெட் கவுண்டரில் அளந்திருந்தால் அந்தப் பையன் ஒரு மணி நேரம் ஆசையோடு நின்று ஏமாந்திருக்க மாட்டான். ஆனால் ஏற்ற முடியாது என்பதும் நியாயம். தொடை மேல் வந்து அழுத்துகிற அந்தக் கம்பி பெரிய ஆளின் உடம்பை வைத்து அமைத்தது, சின்னப் பையனுக்கு அது வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் இடைவெளி விட்டுத்தான் நிற்கும். வண்டி சடாரென்று கீழே இறங்கும்போது உடம்பு சீட்டை விட்டு எழும்பும், அந்த இடைவெளி வழியாகக் குழந்தை நழுவிவிடும். இதை நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. "எந்த ஊரு நீ? யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். எங்கள் பக்கம் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

சூப்பர்வைசர் வந்தார். பையனை ரைடில் ஏற்றவில்லை, அதுவரைக்கும் சரி. ஆனால் என் எதிரிலேயே, "சாரி சார், பொண்ணு புதுசு, பேசத் தெரியல" என்று சொல்லிவிட்டு, குடும்பத்துக்கே ஐஸ்கிரீம் கூப்பன் எழுதிக் கொடுத்தார். நான் புதுசும் இல்லை, என்ன பேசினேன் என்பதை அவர் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அதே கியூவிலிருந்து இன்னொருவர், அவருடைய குழந்தையும் உயரம் குறைவு, எடுத்த எடுப்பிலேயே குரலை உயர்த்திப் பேசினார். "அவருக்குக் குடுத்தீங்க இல்ல, எனக்கும் குடுங்க" என்றார். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். சத்தம் போட்டால் கிடைக்கும் என்று நாங்கள்தான் அவருக்குக் காட்டிக் கொடுத்தோம். அமைதியாகச் "சரிம்மா, அடுத்த வருஷம் வரோம்" என்று இறங்கிப் போன ஒரு குடியாத்தம் அம்மாவுக்கும் மகளுக்கும் அன்றைக்கு ஒரு தண்ணி பாட்டில்கூட யாரும் கொடுக்கவில்லை. கூப்பன் கொடுப்பதாக இருந்தால் அந்த அம்மாவுக்கு அல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

அடுத்தது உடை. வாட்டர் ஸ்லைடில் நைலான் உடை மட்டும்தான், புடவை, துப்பட்டா, காட்டன் சுடிதார், ஜீன்ஸ் எதுவும் கூடாது. இதைச் சொன்னால், காஸ்ட்யூமை வாடகைக்கு விடுவதற்காகப் போட்ட சட்டம் என்று நினைக்கிறார்கள். நனைந்த காட்டன் தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும், ஆள் ஸ்லைடு நடுவிலேயே நின்றுவிடுவார், மேலிருந்து அடுத்து வருகிறவர் அவர் முதுகில் வந்து மோதுவார். துப்பட்டா எதிலாவது மாட்டினால் கழுத்தில் இறுகும். ஜீன்ஸின் உலோகப் பொத்தான் ஃபைபர் மேல் கீறிக்கொண்டே போகும், அந்தக் கீறல் அப்புறம் வருகிற குழந்தையின் தோலைக் கிழிக்கும். ஒரு கம்பெனிச் சுற்றுலாவில் வந்த பையன்கள் ஜீன்ஸோடுதான் போவோம் என்று அடம்பிடித்தார்கள், கூட இருந்த ஆபரேட்டர் அக்காவைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். அக்கா பதில் பேசவில்லை. ஸ்லைடு வாயில் இருந்த ஒரு பழைய கீறலில் ஒரு பையனின் விரலைப் பிடித்து வைக்காமல், தன் விரலை வைத்துத் தடவிக் காட்டி, நீயும் தொட்டுப் பாரு தம்பி என்றார். அவன் தொட்டுப் பார்த்தான். ஃபைபர் சிலாம்பு விரலில் சுருக்கென்று குத்தியதும் கையை இழுத்துக்கொண்டான். அவன் ஒருத்தன் போய் உடை மாற்றி வந்தான், மீதிப் பேர் கத்திக்கொண்டே போனார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பெண்கள் பலரும் உடம்பு முழுக்க மூடுகிற நைலான் உடையை வீட்டிலிருந்தே தைத்தோ வாங்கியோ கொண்டுவந்துவிடுவார்கள். கவுண்டரில் ஒரு வார்த்தை சண்டை இருக்காது. விதியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருகிறவர்களிடம் பிரச்சினையே இல்லை, அதனால்தான் விதியை வாசலில், பெரிய எழுத்தில், தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னோம்.

மனசை விட்டுப் போகாதது பை சோதனை வாசலில் நடந்தது. வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது, குழந்தை உணவும் மருந்தும் மட்டும் விடுவோம். இந்த விதி எனக்கே பிடிக்காது. பாட்டி ஒருத்தி விடியற்காலையில் எழுந்து கிளறிய புளிச்சோற்றைத் தூக்கோடு வெளியே வைத்துவிட்டு, உள்ளே போய் நாலு மடங்கு விலைக்குச் சாப்பிடு என்று சொல்வதற்கு எங்களுக்கே வாய் வராது. ஆனால் விதி போட்டது வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அக்கா இல்லை. அவர் முன்பு பீடி சுற்றியவர், கண் மங்கிப் போனதால் இந்த வேலைக்கு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய காரில் வந்த ஒருவர், வழியில் வாங்கிய பிரியாணிப் பொட்டலங்களோடு உள்ளே போகப் பார்த்தார். அக்கா நிறுத்தினார். "நான் யாருன்னு தெரியுமா?" என்று தொடங்கி, கட்சிக்காரர் பெயர், போலீஸ்காரர் பெயர் எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் ஒரு பொட்டலத்தை அக்காவின் காலடியில் வீசி எறிந்தார். வாழையிலை பிரிந்து, சோறும் கறியும் அக்காவின் செருப்பு மேல், புடவைக் கரை மேல், கத்தரிக்காய்க் குழம்பு காக்கிச் சட்டை வரைக்கும் தெறித்தது.

அக்கா குனிந்து கையால் சோற்றை அள்ளி இலையில் சேர்த்துக்கொண்டே, "என்னத் திட்டு நைனா, வாங்கிக்கிறேன். சோத்த ஏன் தூக்கி எறியற?" என்றார். அந்த ஆளின் மனைவி காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த ஆள் மட்டும் நிமிர்ந்து நின்றார். நிர்வாகம் அன்றைக்கு என்ன செய்தது தெரியுமா? அவரைக் குடும்பத்தோடு உள்ளே விட்டது. அக்காவை வேறு வாசலுக்கு மாற்றியது. அன்று சாயந்திரம் வேலை முடிந்து வேன் ஏறும்போது எங்கள் யாருக்கும் பேச வரவில்லை.

அதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. வேவ் பூலில் சைரன் அடித்ததும் அலை வரும், கூட்டம் அலைமோதும், அந்த நேரம் பார்த்துப் பெண்கள் பக்கம் நெருங்குகிற ஒரு கும்பல் எப்போதும் இருக்கும். எங்கள் லைஃப்கார்டு பெண் ஒருத்தி விசில் அடித்து அவர்களைப் போகச் சொன்னாள். அவளையே போனில் படம் எடுத்துக்கொண்டு, "ஏய் விசிலு, இன்னொரு தபா ஊது" என்று கிண்டல் செய்தார்கள். அன்றைக்குப் பூல் பொறுப்பில் இருந்த அண்ணன் நேராகப் போய் அலையை நிறுத்திவிட்டார். மைக்கில், "பெண்களைத் தொந்தரவு செய்கிற நாலு பேர் வெளியே வந்தால்தான் அலை வரும்" என்று ஒரே வரி. பூல் மொத்தமும் அந்த நாலு பேரைத் திரும்பிப் பார்த்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வெளியே வந்தார்கள். போனில் இருந்த படத்தை அண்ணன் அழிக்கச் சொல்லவில்லை, அப்படியே வைத்துக்கொண்டு ஆபீசுக்கு வாருங்கள் என்றார், அழித்தால் சாட்சி போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அடையாள விவரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள், காசு திருப்பித் தரவில்லை. அதற்கப்புறம் அந்த சீசனில் அந்தப் பூலில் இப்படி ஒன்று நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இந்த மாதிரி விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் கூட வேலை பார்க்கிறவர்களைப் பற்றி மட்டும் பேசவில்லை. வேலை இடத்துக்கு வருகிற வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை என்று அதில் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சீசன் வேலைக்கு, தினக்கூலிக்கு வந்த பெண்ணுக்கும் இது பொருந்தும். பெண்கள் உதவி எண் 181. வேலைக்குச் சேருகிற அன்றைக்கே குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

இடி மின்னல் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கக் கொளுத்திவிட்டு சாயந்திரம் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். இடிச் சத்தம் கேட்டாலே உயரமான ரைடும் தண்ணீரும் நிறுத்தம், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆன பிறகுதான் திறப்போம். நடுவில் இன்னொரு இடி கேட்டால் அந்த 30 நிமிஷம் முதலிலிருந்து. "ஒரு சொட்டு மழ இல்ல, இன்னாத்துக்கு நிறுத்தினீங்க" என்று ஐம்பது பேர் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொள்வார்கள். அப்போது நான் கற்றுக்கொண்ட ஒரு வழி, கூட்டத்துக்குப் பதில் சொல்லாமல் ஒருத்தரைப் பார்த்துப் பேசுவது, அதுவும் குழந்தை வைத்திருக்கிற ஒரு அம்மாவைப் பார்த்து. மின்னல் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மேகத்திலிருந்தும் வந்து விழும், தண்ணீரில் நிற்கிற பிள்ளையை நாங்கள் எப்படி விடுவோம் என்று சொன்னால், அந்த அம்மாவே பக்கத்தில் கத்துகிறவரை அடக்கிவிடுவார். சித்தூர்க்காரர்களிடம் தெலுங்கில் "கொஞ்சம் ஆகண்டி" (கொஞ்சம் பொறுங்கள்) என்று சொன்னாலே பாதிக் கோபம் இறங்கிவிடும்.

"நான் யார் தெரியுமா" என்கிறவர்களிடம் வாதாட வேண்டாம். நோட்டை எடுத்து, "சொல்லுங்க சார், பேரும் ஊரும் எழுதிக்கிறேன், மேனேஜர்கிட்ட அப்படியே குடுக்கிறேன்" என்று மரியாதையாகவே கேளுங்கள், நான் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பேரைச் சொல்லாமல் நகர்ந்தார்கள். நேரம், இடம், பேசிய வார்த்தை, கூட இருந்தவர் யார், எல்லாம் அன்றைக்கே எழுதிவிடுங்கள். சூப்பர்வைசர் உங்களைக் கைவிட்டாலும் அந்த நோட்டு கையில் இருக்கும். எங்கள் பார்க்கில் கடைசியில் டிக்கெட் கவுண்டர் பக்கத்திலேயே உயரப் பலகை வைத்ததும், பல பேர் இப்படி எழுதி வைத்த நோட்டுகளைச் சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான்.

இங்கே வேறு பார்க்குகளில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் ஒன்று கேட்கிறேன். உங்கள் இடத்தில் கெஸ்ட் கத்தும்போது சூப்பர்வைசர் முதலில் யாரிடம் பேசுவார், உங்களிடமா அவரிடமா? அமைதியாகத் திரும்பிப் போன குடும்பத்துக்கு ஏதாவது கொடுக்கிற பழக்கம் எங்காவது இருந்தால் அதையும் எழுதுங்கள், எங்கள் பழைய ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், நான் அவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.