மாற்கு 16-இன் கடைசி 12 வசனங்கள்: யார் எழுதியது?

வினவுபவன்:
மாற்கு 16:9 முதல் 20 வரை உள்ள வசனங்கள் மாற்கு எழுதியவை அல்ல என்பதே இன்று பெரும்பாலான பைபிள் அறிஞர்களின் முடிவு. நான்காம் நூற்றாண்டின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளான சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் சுவிசேஷம் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறைக்கு வந்த பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிறகு யாரோ ஒரு முடிவு எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். அப்புறம் எப்படி 'ஒரு எழுத்தும் மாறாத வேதம்' என்கிறீர்கள்?

பெரோயா:
நண்பரே, இதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அந்தப் பகுதி அடைப்புக்குறிக்குள்ளோ அடிக்குறிப்போடோதான் வருகிறது. 8-இல் நின்றாலும் உயிர்த்தெழுதல் போய்விடாது. 'அவர் உயிர்த்தெழுந்தார்' என்று வெள்ளை அங்கி அணிந்த வாலிபன் 6-ஆம் வசனத்திலேயே சொல்லிவிடுகிறான். பவுல் 1 கொரிந்தியர் 15-இல் கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறு பேருக்கு மேல் என்று சாட்சிகளை வரிசைப்படுத்துகிறாரே, அந்தக் கடிதம் மாற்குவுக்கும் முந்தியது.

பழைய பாதை:
இருவருமே அவசரப்படுகிறீர்கள். ஆதிச் சபையின் ஆயர் ஐரேனியு சுமார் கி.பி. 180-இல் 16:19-ஐ மாற்குவின் முடிவு என்றே மேற்கோள் காட்டுகிறார். சீனாய்ச் சுவடியைவிட ஒன்றரை நூற்றாண்டு முந்தைய சாட்சி அது. வத்திக்கான் சுவடியையும் கவனியுங்கள். அதன் புதிய ஏற்பாட்டில் ஒரு புத்தகம் முடிந்ததும் அடுத்த நெடுவரிசையிலேயே (column) அடுத்த புத்தகம் தொடங்கும். மாற்குவுக்குப் பிறகு மட்டும் ஒரு நெடுவரிசை முழுக்கக் காலி. அதைப் பிரதி எடுத்தவருக்கு வேறொரு முடிவும் தெரிந்திருந்தது என்றே எனக்குப் படுகிறது.

வினவுபவன்:
தெரிந்தும் எழுதவில்லையே ஐயா! துல்லியமான பிரதிகள் 8-இல் முடிகின்றன என்று நான்காம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியுவும் குறிப்பிட்டிருக்கிறார். இது வெறும் ஏட்டுச் சண்டையும் இல்லை. சர்ப்பங்களை எடுப்பார்கள், சாவுக்கேதுவானதைக் குடித்தாலும் சேதம் வராது என்கிறது 18-ஆம் வசனம். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் இதை நம்பி ஆராதனையிலேயே விஷப்பாம்பைக் கையில் எடுத்த சபைகள் உண்டு. அந்தப் பழக்கத்தைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955-இல் பாம்பு கடித்தே இறந்தார். மாற்கு எழுதாத வரியை நம்பி ஒருவர் செத்தால் யார் பொறுப்பு?

பெரோயா:
இதுதான் எனக்கும் உறுத்துகிற கேள்வி. மாற்குவே எழுதியிருந்தாலும் அப்படிச் செய்யச் சொல்லி அதில் கட்டளை இல்லை. மெலித்தா (மால்டா) தீவில் பவுலைப் பாம்பு கடித்தது விறகு போடும்போது, அவர் தேடிப்போய்ப் பிடிக்கவில்லை. வசனத்தைக் காட்டி 'கீழே குதி' என்று பிசாசு சொன்னபோது இயேசு மறுத்துவிட்டார். ஆனாலும் அந்த அடிக்குறிப்பைப் பிரசங்கிமார் சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதில் எனக்குச் சமரசமே இல்லை.

பழைய பாதை:
சொன்னால் எளிய விசுவாசி இடறிப்போவார், சகோ. யோவான் 8-இல் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவமும்தான் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. சில பிரதிகளில் அது லூக்கா 21-க்குப் பின்னால் இருக்கிறது. 'நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்ப்பதில்லை' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் போய் என்ன சொல்வீர்கள்?

பெரோயா:
அந்தச் சம்பவம் உண்மை என்று நானும் நம்புகிறேன், வாசிக்கிறேன். தனியாக அதன் மேல் மட்டும் ஒரு உபதேசத்தைக் கட்ட மாட்டேன். நாம் சொல்லாததை நம் பிள்ளைகள் வேறு யாரோ கேலியாகச் சொல்லிக் கேட்கும்போதுதான் உண்மையில் இடறுகிறார்கள்.

வினவுபவன்:
சரி, நேர்மையான பதில். ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. 'ஒரு எழுத்தும் மாறாது' என்பதை இனியும் சொல்வீர்களா?

பெரோயா:
மூலத்தைப் பற்றிச் சொல்வேன். பிரதி எடுத்தவர்களைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

வினவுபவன்:
அந்த மூலம் ஒன்றுகூட இன்று யார் கையிலும் இல்லையே?

பெரோயா:
இல்லைதான். கிரேக்கப் பிரதிகள் மட்டும் 5,000-க்கு மேல் இருக்கின்றன. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இந்த 12 வசனங்களின் சிக்கலே உங்களுக்கும் எனக்கும் தெரியவந்தது.