5,000 ரேண்டுக்குள் முழு ஆட்டோமேட்டிக் ரெக்கார்டு பிளேயர்: எதைப் பார்த்து வாங்குவது?

சாட்ஸ்வர்த்_செல்வி

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு ரெக்கார்டு பிளேயர் வாங்க வேண்டும். கை நடுக்கம் இருப்பதால் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைக்க அவரால் முடியாது. பொத்தானை அழுத்தினால் தானே பாடி, முடிந்ததும் தானே நிற்க வேண்டும். வீட்டில் எல்பி (33⅓ சுற்றில் பாடும் பெரிய தட்டு) சுமார் அறுபது இருக்கிறது, நிமிடத்துக்கு 45 சுற்றில் பாடும் சின்ன 45 தட்டு ஒரு பெட்டி, 78 சுற்றில் பாடும் பழைய 78 தட்டு பத்துப் பன்னிரண்டு. பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இருக்கிறது, பின்பக்கம் ரெக்கார்டு பிளேயருக்கான ‘ஃபோனோ’ என்று ஓர் இணைப்பும் உண்டு. 5,000 ரேண்டுக்கு மேல் போக முடியாது. சூட்கேஸ் மாதிரி ஒன்று ‘ஆட்டோமேட்டிக்’ என்று போட்டுப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? பாடும்போது லோட்ஷெட்டிங் (முறை வைத்து வரும் மின்வெட்டு) வந்தால் முள் என்ன ஆகும்?

முள்_தேய்மானம்

சூட்கேஸ் பெட்டி வேண்டாம் அக்கா. ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே சொல்லை மூன்று விதமான பெட்டிகளுக்கும் போடுகிறார்கள். ஆட்டோ ஸ்டாப் என்றால் பாட்டு முடிந்ததும் தட்டு சுற்றுவது நிற்கும், அவ்வளவுதான். முள் தட்டின் மேலேயே கிடக்கும். செமி ஆட்டோவில் முடிவில் முள் பொருத்திய பிளேயரின் கை தானே எழும், ஆனால் தொடக்கத்தில் நீங்கள்தான் வைக்க வேண்டும். இறக்குவது, தூக்குவது, திரும்பி வந்து நிற்பது எல்லாவற்றையும் செய்வது முழு ஆட்டோ மட்டுமே. சூட்கேஸ் வகை பெரும்பாலும் முதல் ரகம். அதன் செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் சின்னப் பெட்டி) தட்டை அதிகமாக அழுத்தும் என்பது இன்னொரு குறை. அப்பாவின் எல்பிகள் தேயும்.

இந்தத் தொகைக்கு முதலில் பார்க்க வேண்டியது ஆடியோ டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ். அடுத்தது சோனி பிஎஸ்-எல்எக்ஸ்310பிடி. இதில் புளூடூத் உண்டு, விலை கூடும். இரண்டும் முழு ஆட்டோ, பெல்ட் வகை, 33-உம் 45-உம் பாடும். முள் அழுத்தம் தொழிற்சாலையிலேயே வைத்து வருவதால் எடை திருகும் வேலை இல்லை. பின்னால் ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 வகை முள் போட ஆசை வரும் என்றால் ஏடி-எல்பி70எக்ஸ் இருக்கிறது, ஆனால் உங்கள் தொகையைத் தாண்டக்கூடும். அப்பாவின் தேவைக்கு 60எக்ஸ் போதும்.

60எக்ஸின் பின்பக்கம் ஃபோனோ/லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். உங்கள் ஆம்பின் ஃபோனோ இணைப்பில் செருகினால் சுவிட்சும் ஃபோனோவில் இருக்க வேண்டும். லைனில் வைத்து அங்கே செருகினால் ஒலி கரகரவென்று உடையும். ஃபோனோவில் வைத்து ஆம்பின் ஆக்ஸில் (மற்ற கருவிகளுக்கான சாதாரண இணைப்பு) செருகினால் காதை ஒட்டிக் கேட்டால்தான் கேட்கும். பிளேயர் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் இந்தச் சுவிட்சைப் பார்க்க வேண்டும்.

கையில் மிஞ்சுவதில் மாற்று முள் ஒன்று வாங்கி வையுங்கள். ஏடிஎன்3600எல் என்று கேளுங்கள். உருண்டை முனை முள் 300 முதல் 500 மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகும் ஓட்டினால் முள் தட்டைச் சுரண்டத் தொடங்கும்.

டோங்காட்_பெல்ட்

லோட்ஷெட்டிங்கில் மின்சாரம் போனால் தட்டு மெல்ல நிற்கும், முள் பள்ளத்திலேயே இருக்கும். அதனால் தட்டுக்குச் சேதமில்லை. கை எழுந்து நகரும் நேரத்தில் மின்சாரம் போவதுதான் சங்கடம். கை அந்தரத்தில் நிற்கும். அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம், பல் உடைந்தால் ஆட்டோ வேலையே போச்சு. சுவிட்சை அணைத்து, சுழல்தட்டைக் கையால் கடிகாரம் சுற்றும் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். கையை நகர்த்துவது அந்தச் சுழல்தட்டுதான், அதனால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து போய்த் தாங்கியில் உட்கார்ந்துவிடும். அப்பாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மேசை மட்டமாக இருக்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் முள் இறங்கும் இடம் தவறலாம், வழுக்கவும் செய்யும்.

செகண்ட்-ஹேண்ட் பார்ப்பீர்களானால், அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஏசி மோட்டார் பிளேயர் வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும். நம் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது, அந்த மோட்டாரின் வேகமோ ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 33⅓ சுற்று சுமார் 27.8 ஆகிவிடும், பாட்டு இழுத்து அழும்.

முள்_தேய்மானம்

78 பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். அவற்றை இந்தப் பிளேயரில் போடாதீர்கள். வேகம் கிடையாது என்பது ஒரு பக்கம். 78-இன் பள்ளம் அகலம். அதற்கு 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முள் வேண்டும், எல்பி முள் சுமார் 0.7 மில். மெல்லிய முள் பள்ளத்தின் அடியில் தூசியில் உரசிக்கொண்டு ஓடும். மேலும் 78 தட்டு பெரும்பாலும் 10 அங்குலம், ஆட்டோ பொத்தானில் 7-உம் 12-உம் மட்டுமே உண்டு. 12-இல் வைத்தால் முள் தட்டுக்கு வெளியே, சுழலும் விரிப்பின் மேல் இறங்கும். துடைக்கும்போதும் கவனம்: எல்பிக்குப் போடும் ஆல்கஹால் கலந்த நீர் 78-இன் அரக்கைக் கரைத்துவிடும்.

சாட்ஸ்வர்த்_செல்வி

60எக்ஸ் வந்துவிட்டது, நன்றி. ஸ்டார்ட் அழுத்தினால் உள்ளே மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, தட்டு சுற்றவில்லை. பழுதா?

டோங்காட்_பெல்ட்

பழுதில்லை அம்மா, பெல்ட் மோட்டாரில் மாட்டப்படவில்லை. மின்சாரத்தை எடுத்துவிட்டு விரிப்பைத் தூக்குங்கள். சுழல்தட்டில் ஒரு திறப்பு இருக்கும். அது மோட்டாரின் சின்னப் பித்தளை உருளைக்கு நேரே வரும்வரை சுற்றுங்கள். பெல்ட்டில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். ரிப்பனைப் பிடித்து பெல்ட்டை இழுத்து உருளையில் மாட்டி, ரிப்பனை உருவிவிடுங்கள். பிறகு கையால் கடிகாரத் திசையில் பத்துச் சுற்று சுற்றினால் பெல்ட்டின் முறுக்கு எடுபடும். முறுக்கோடு விட்டால் நீட்டிப் பாடும் இடங்களில் சுருதி அலையும்.

வேகம் சரிபார்க்க: தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, எல்பி பாடும்போது கைபேசியில் 3 நிமிடம் வைத்து எண்ணுங்கள். சரியாக 100 சுற்று வர வேண்டும். 45 தட்டுப் போடும்போது வேகம், அளவு இரண்டு பொத்தானையும் மாற்ற வேண்டும். வேகத்தை மட்டும் மாற்றி அளவை 12-இல் விட்டால் முள் விரிப்பில்தான் விழும். 7-க்கு மாற்றும்படி அப்பாவுக்காக ஒரு சீட்டு எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள்.