குடித்தனத்தோடு கைக்கு வந்த லண்டன் ஃப்ளாட்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி

லண்டன் வந்து 14 மாதம் ஆகிறது. ஐ.டி. வேலை, ஸ்கில்டு ஒர்க்கர் விசா. என் பெரியப்பா இங்கே பல வருடம் இருந்தவர், போன வருடம் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லாததால் இல்ஃபோர்டில் இருக்கும் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டை எனக்கு எழுதிவைத்தார். ப்ரோபேட் (உயிலுக்கு நீதிமன்ற ஒப்புதல்) முடிந்து வீடு என் பெயருக்கு வந்துவிட்டது, கடன் எதுவும் இல்லை. ஆறு வருடமாக ஒரு குடும்பம் அதில் இருக்கிறது. வாடகை மாதம் 1,600 பவுண்டு. "அது கவுன்சில் பணம், கவலையே இல்லை" என்று பெரியப்பா சொல்வார். விற்றுவிட்டு நாங்கள் இருக்க ஒரு வீடு வாங்கலாம் என்று எனக்கு எண்ணம். மாதம் தவறாமல் வருவதை ஏன் விட வேண்டும் என்கிறாள் மனைவி. விற்பதென்றால் இரண்டு மாதம் டைம் கொடுத்துக் காலி பண்ணச் சொன்னால் போதும்தானே? இன்னொன்று: என் விசாவில் "பப்ளிக் ஃபண்ட்ஸ் கூடாது", அதாவது அரசு உதவித்தொகை வாங்கக்கூடாது என்று போட்டிருக்கிறது. கவுன்சில் பணத்தை வாடகையாக வாங்கினால் சிக்கல் வருமா?

பதில்

தம்பி, விசா கவலையை முதலில் தள்ளிவைத்துவிடுங்கள். உதவித்தொகை குடித்தனக்காரருடையது. உங்களுக்கு வருவது வெறும் வாடகை. அது நேராக உங்கள் கணக்குக்கே வந்தாலும் நீங்கள் பப்ளிக் ஃபண்ட்ஸ் வாங்கியதாக ஆகாது. வருமான வரிக் கணக்கில் மட்டும் காட்டியாக வேண்டும்.

இரண்டு மாதம் போதாது. சென்னையில் 11 மாத அக்ரிமென்ட், பத்து மாத அட்வான்ஸ், அப்புறம் ஒரு நாள் "பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்" என்று சொல்லி முடித்துவிடுகிற பழக்கம் நமக்கு. அந்தக் கண்ணோடு இந்த ஊரைப் பார்க்கக்கூடாது. காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்கும் செக்‌ஷன் 21 இங்கேயும் ஒரு காலத்தில் இருந்தது. இங்கிலாந்தில் 2026 மே 1-லிருந்து அது கிடையாது. 2025-ல் வந்த ரென்டர்ஸ் ரைட்ஸ் சட்டப்படி விற்பதற்காகக் காலி செய்யச் சொல்ல வேண்டுமானால் கிரவுண்ட் 1ஏ என்ற வழியில்தான் போக வேண்டும். நான்கு மாத நோட்டீஸ். குடிவந்து முதல் ஒரு வருடத்துக்குள் அந்த வழி திறக்காது, உங்கள் ஃப்ளாட்டில் இருக்கும் குடும்பம் ஆறு வருடமாக இருப்பதால் அது தடையில்லை. விற்கப்போவது உண்மை என்று நீதிமன்றத்தில் காட்ட எஸ்டேட் ஏஜென்ட், சொலிசிட்டர் கடிதங்கள் வேண்டும். நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யவைத்த பிறகு, விலை படியவில்லை என்று மறுபடி வாடகைக்கு விட்டால் வம்பு. 12 மாதம் விடக்கூடாது, மீறினால் கவுன்சில் அபராதம் போடும். பூட்டை மாற்றுவது, கரண்ட்டை நிறுத்துவது போன்ற நம்மூர் வேலைகளை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அது 1977-லிருந்தே கிரிமினல் குற்றம்.

அந்த நான்கு மாதமும் காகிதத்தில்தான் நான்கு மாதம். என் கதையைச் சொல்கிறேன். 2019-ல் நானும் ஒரு ஃப்ளாட்டை விற்றேன், பழைய சட்டத்தில், இரண்டு மாத நோட்டீஸில். குடியிருந்தவர் ஒரு தாய், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். தேதி முடிந்தும் போகவில்லை. கோபத்தோடு நேரில் போனேன். டீ போட்டுக் கொடுத்தார். என் நோட்டீஸ் ஃப்ரிட்ஜ் கதவில், பிள்ளைகளின் ஸ்கூல் டைம்டேபிளுக்குப் பக்கத்தில் தொங்கியது. அதன் கீழே கவுன்சிலிலிருந்து வந்த கடிதம். பெயிலிஃப் (வீட்டைக் காலி செய்யவைக்க வரும் நீதிமன்ற ஆள்) தேதி வரும்வரை வீட்டை விடாதீர்கள் என்ற வரியை மஞ்சள் மார்க்கரால் அடித்துவைத்திருந்தார். "அந்தத் தேதி வந்தால்தான் எங்களுக்கு ரூம் தருவார்களாம். சீக்கிரம் வாங்கிக் கொடுங்களேன்" என்றார். தன்னை வெளியேற்றும் தேதியை என்னிடமே கேட்கிறார்! வேறு வழியில்லை அவருக்கு. முன்னாலேயே கிளம்பினால் "நீங்களாகத்தானே வீட்டை விட்டீர்கள்" என்று கவுன்சில் கைவிரிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் பெயிலிஃப் வரும்வரை இருக்கச் சொல்லி அனுப்பிவைக்காதீர்கள் என்று அரசின் வழிகாட்டியே கவுன்சில்களிடம் சொல்கிறது. நடப்பது வேறு. நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து சாவி கைக்கு வர ஒன்பது மாதம் ஆனது. இடையில் வாங்க வந்த ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டார்.

அதனால் உங்கள் முதல் வேலை பெரியப்பா சொன்ன "கவுன்சில் பணம்" எது என்று கண்டுபிடிப்பது. நம் ஆட்கள் மூன்று வேறு விஷயங்களுக்கு இந்த ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். பலருக்கு வருவது யூனிவர்சல் கிரெடிட் என்ற குறைந்த வருமானக்காரர் உதவித்தொகையில் இருக்கும் வீட்டு வாடகைப் பங்கு. அதற்கும் கவுன்சிலுக்கும் சம்பந்தமே இல்லை, மத்திய அரசின் டி.டபிள்யூ.பி. (வேலை, பென்ஷன் துறை) தருவது, வழக்கமாகக் குடித்தனக்காரர் கணக்குக்குப் போகும். இரண்டு மாத பாக்கி சேர்ந்தால் நேராக எனக்கு அனுப்புங்கள் என்று ஓனர் கேட்கலாம். இன்னொன்று பழைய ஹவுஸிங் பெனிஃபிட், அதுதான் கவுன்சில் வழியாக வருவது. மூன்றாவது, வீட்டையே கவுன்சிலோ ஹவுஸிங் அசோசியேஷனோ (லாப நோக்கில்லாத வீட்டு வசதி அமைப்பு) பெரியப்பாவிடம் சில வருடத்துக்கு லீஸுக்கு எடுத்து, அவர்கள் ஒரு குடும்பத்தை வைத்திருப்பது. இதுவாக இருந்தால் அந்தக் குடும்பம் உங்கள் குடித்தனமே இல்லை. நான் மேலே எழுதிய நோட்டீஸ் கதை பொருந்தாது, லீஸ் பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். பெரியப்பாவின் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, 1,600 பவுண்டு யார் பெயரிலிருந்து வருகிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

"கவலையே இல்லை" என்பதும் முழுக்கச் சரியில்லை. உதவித்தொகைக்கு ஊருக்கு ஊர் உச்சவரம்பு உண்டு, லோக்கல் ஹவுஸிங் அலவன்ஸ் என்பார்கள். 2024 ஏப்ரலில் உயர்த்தியதோடு அதை அப்படியே நிறுத்திவைத்துவிட்டார்கள். நீங்கள் வாடகையை ஏற்றினால் அந்த வித்தியாசம் குடும்பத்தின் சாப்பாட்டுக் காசிலிருந்துதான் வர வேண்டும்.

இப்போது கணக்கு. வருடம் 19,200 பவுண்டு. ஏஜென்ட்டுக்கு 10 சதவீதம் என்றால் 1,920. சர்வீஸ் சார்ஜ், இன்ஷூரன்ஸ், கேஸ் சான்றிதழ், ரிப்பேர் என்று 2,500 வைத்துக்கொள்வோம். மிச்சம் ஏறக்குறைய 14,800. நீங்கள் 40 சதவீத வரியில் இருந்தால் கையில் நிற்பது சுமார் 8,900. வீடு 4 லட்சம் பவுண்டு போகும் என்றால் இது இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. 2027 ஏப்ரலிலிருந்து வாடகை வருமானத்துக்கு அந்த வரி 42 ஆகிறது. வீட்டில் "மாதம் 1,600 வருகிறதே" என்று சொல்லும்போது இந்தக் காகிதத்தைப் பக்கத்தில் வையுங்கள், ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகு.

விற்றால் வரி நினைக்கிற அளவுக்குப் பயமுறுத்தாது. பெரியப்பா என்ன விலைக்கு வாங்கினார் என்பது உங்களுக்குத் தேவையில்லை. அவர் இறந்த நாளில் இருந்த மதிப்புதான் உங்கள் அடக்கவிலை. அது 3,60,000, விற்பது 4,00,000, செலவு 8,000 என்றால் லாபம் 32,000. வருட விலக்கு 3,000 போக 29,000-க்கு 24 சதவீதம், அதாவது 6,960. சாவி கைமாறிய 60 நாளுக்குள் ரிப்போர்ட் செய்து கட்ட வேண்டும், தவறினால் அபராதம்.

யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் விஷயம் வேறு. இந்த ஃப்ளாட்டைக் கையில் வைத்துக்கொண்டே நீங்கள் குடியிருக்க வீடு வாங்கினால், அது சட்டத்தின் கண்ணில் இரண்டாவது வீடு. ஸ்டாம்ப் டியூட்டியில் 5 சதவீதம் கூடுதல். 5 லட்சம் பவுண்டு வீட்டுக்கு 25,000! பிற்பாடு ஃப்ளாட்டை விற்றாலும் அது திரும்பி வராது, ஏனென்றால் நீங்கள் அதில் குடியிருந்ததே இல்லை. முதல் வீடு வாங்குபவர் சலுகை வாரிசாக வீடு கிடைத்த அன்றே போய்விட்டது, அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மூன்று வருட வாடகை லாபத்தை ஒரே கையெழுத்தில் இழப்பதை நான் செய்ய மாட்டேன். வீடு வாங்குவது உறுதி என்றால் இதை முதலில் விற்றுவிடுங்கள் என்பதே என் கருத்து.

விற்க அந்தக் குடும்பத்தைக் கிளப்பித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. குடித்தனத்தோடு விற்கலாம், விலை குறையும். குடியிருக்க வாங்குபவருக்கு பேங்க் கடன் தராது, முதலீட்டுக்கு வாங்குபவரும் அந்த 5 சதவீதத்தை மனதில் வைத்தே விலை கேட்பார். ஏலக்காரர்களிடம் போவதற்கு முன்னால் கவுன்சிலின் ஹவுஸிங் பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்கள். வீடில்லாதவர்களைத் தற்காலிகமாக வைக்க இடமில்லாமல் சில கவுன்சில்கள் தாங்களே வீடு வாங்குகின்றன. உங்கள் ஃப்ளாட்டில் இருக்கும் குடும்பத்தை நாளைக்கு அவர்கள்தான் எங்காவது தங்கவைக்க வேண்டும், அப்படியே வாங்கிக்கொண்டால் அவர்களுக்கும் ஒரு தலைவலி குறையும். கிடைக்குமா என்பது கவுன்சிலையும் அந்த வருட நிதியையும் பொறுத்தது. கேட்பதில் நஷ்டமில்லை.

காகிதங்களில் இரண்டு மட்டும் சொல்கிறேன். டெபாசிட் அரசு அங்கீகரித்த திட்டத்தில் பாதுகாப்பாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நீதிமன்றம் உங்களுக்கு வீட்டை மீட்டுத் தராது, டெபாசிட்டைப் போல மூன்று மடங்கு வரை நீங்கள்தான் தர வேண்டிவரும். அடுத்து லைசென்ஸ். இல்ஃபோர்ட் இருக்கும் ரெட்பிரிட்ஜ் கவுன்சில் பகுதியில் சில வார்டுகளில் வாடகைக்கு விடக் கவுன்சில் லைசென்ஸ் வேண்டும். பெரியப்பா எடுத்திருந்தாலும் அது அவரோடு போயிற்று, பெயர் மாற்ற முடியாது. மூன்று மாதம்தான் அவகாசம், பிறகு புதிதாக எடுக்க வேண்டும். நீங்கள் அதைத் தாண்டியிருப்பீர்கள், இன்றைக்கே பாருங்கள்.

ஹாரோவிலிருந்து ஒரு அக்கா

தம்பிக்கு ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். நாங்கள் ஒரு வீட்டை ஐந்து வருடம் ஹவுஸிங் அசோசியேஷனுக்குக் கொடுத்திருந்தோம். வீடு சும்மா கிடந்தாலும் மாதக் காசு வரும், அது உண்மை. சந்தை வாடகையைவிடக் குறைவுதான். முடிவில் வீட்டைத் திருப்பி எடுக்கும்போது சுவரில் பூஞ்சை, குசினிக் கதவு இரண்டு இல்லை, யார் திருத்துவது என்று ஆறு கிழமை கடிதம் எழுதினோம். லீஸ் என்றால் கடைசிப் பக்கங்களை வடிவாக வாசியுங்கோ. அதோடு ஃப்ளாட்டின் மூல லீஸில் (இங்கே ஃப்ளாட் வாங்குவது பெரும்பாலும் நீண்ட கால லீஸுக்குத்தான்) எத்தனை வருடம் மிச்சம் என்றும் பாருங்கோ. 80-க்குக் கீழே போய்விட்டால் நீட்டிப்பதற்கு நல்ல செலவு, வாங்க வருகிறவரும் பின்வாங்குவார். முக்கியமாக, கடிதம் போட முதல் அந்தக் குடும்பத்தோடு நேரில் போய்க் கதையுங்கோ.

கேள்வி கேட்டவர், இரண்டு வாரம் கழித்து

பணம் அந்த அம்மாவின் பெயரிலிருந்துதான் வருகிறது, மாதம் 5-ஆம் தேதி. யூனிவர்சல் கிரெடிட் 1,350, மீதி 250 அவர் பள்ளிக் கேன்டீன் வேலையிலிருந்து போடுகிறார். லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு போய்ப் பார்த்தோம். விற்கலாம் என்று இருக்கிறோம் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பெரிய பெண்ணுக்கு ஜூனில் ஜி.சி.எஸ்.இ. தேர்வு, அது முடியும்வரை மட்டும் விடுங்கள் என்றார். சரி என்றோம். கவுன்சிலுக்கு மெயில் போட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் நோட்டீஸ் தேதி ஜூலையில் முடிகிற மாதிரி கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.

கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொடுத்தார். பாய்லர் கேரண்டி, பெரியப்பா கையெழுத்துப் போட்ட ரசீதுகள், டெபாசிட் சான்றிதழ். நான் பெரியப்பாவின் அலமாரியில் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருந்த காகிதம் அது.

பதில்

நல்லது தம்பி. அந்தச் சான்றிதழில் ஓனர் என்று பெரியப்பா பெயர்தான் இருக்கும். நோட்டீஸுக்கு முன்னால் டெபாசிட் திட்டத்துக்கு ப்ரோபேட் நகலோடு எழுதி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புது ஓனர் நீங்கள், உங்கள் முகவரி இது என்று அந்த அம்மாவுக்கும் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.