சித்தப்பா வழக்கும் பிஸ்கட் டப்பாவும்

உறவுகளுக்கு வணக்கம்.

துபாயிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருந்தார், விபத்தில் அப்பா போய்விட்டால் இழப்பீட்டுக்கு யார் மனுப் போடுவது என்று. எங்கள் வீட்டில் பட்டதை எழுதுகிறேன்.

சித்தப்பா குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிப் போகும் பிக்கப் ஓட்டியவர். கல்லாறு பக்கம் எதிரே வந்த லாரி மோதி அங்கேயே போய்விட்டார். வயது 47. விபத்து நடந்தது கோவை மாவட்டமாச்சே, அங்கே அலையவேண்டுமோ என்று சித்தி பயந்தார். வேண்டியதில்லை, மனுதாரர் குடியிருக்கும் ஊருக்கான விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் போடலாம். ஊட்டியிலேயே போட்டோம்.

இடறியது வாரிசுச் சான்றிதழில்தான். சித்தி, இரண்டு பிள்ளைகள் பெயரை மட்டும் எழுதி இ-சேவையில் கொடுத்துவிட்டோம். பாட்டியை யாரும் நினைக்கவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் தாயும் மனைவி மக்களோடு முதல் வகுப்பு வாரிசு. சான்றிதழ் மனு திரும்பி வந்தது. "நான் இன்னும் சாகலையே" என்றார் பாட்டி, சிரிக்காமல்.

மறுபடி கொடுத்து வாங்க ஐந்து வாரம். 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வருஷத் திதி கழியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

அப்புறம் வருமான அத்தாட்சி. சம்பளச் சீட்டு ஏது? சித்தி பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். உள்ளே மண்டிச் சீட்டுகள், மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு. சிலதில் மண் கறை. பின்பக்கம் வாடகை, டீசல், முன்பணம் எல்லாம் சித்தப்பா கையெழுத்தில். வக்கீல் முகம் அதைப் பார்த்துத்தான் தெளிந்தது. ஆண்டு வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்து, அந்த வயதுக்கு 13 ஆல் பெருக்குவார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக நிரூபித்தாலே லட்சத்தைத் தாண்டும்.

மனுவில் 'லாஸ் ஆஃப் எஸ்டேட்' என்று ஒரு தலைப்பு உண்டு. "நமக்கு ஏதுடா எஸ்டேட்?" என்றார் பெரியப்பா. தேயிலைத் தோட்டம் இல்லை, இறந்தவர் இருந்திருந்தால் சேர்த்துவைத்திருக்கக்கூடிய சொத்துக்கான இழப்பு. 2017 இல் உச்ச நீதிமன்றம் அதற்கு 15,000 ரூபாய் வைத்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னது.

வெளிநாட்டுப் பிள்ளைகளே, சான்றிதழில் உங்கள் பெயர் இருந்தால் மனுவிலும் இருக்கவேண்டும். வர முடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, உங்களுக்குப் பதில் இன்னொருவர் நடத்த அதிகாரம் தரும் பவர் பத்திரம் அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். சித்தப்பா மகன் தோஹாவிலிருந்து அனுப்பியது சித்தியின் பீரோவில் புடவைக்கு அடியில் எழுபது நாள் கிடந்தது.

மனு மாதிரி வேண்டுபவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், பெயர்களை மறைத்து அனுப்புகிறேன்.