திடப்படுத்தல் வகுப்புக்கு ஒரு உதவி வேணும்

ஐயர்மார், உபதேசியார்மார், மூத்தவங்க எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நல்லூர் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில திடப்படுத்தல் வகுப்பு, அதாவது பிள்ளைகளைச் சபையில முழு அங்கத்தினரா சேர்க்க ஆயத்தப்படுத்துற வகுப்பு, எடுக்கேன். பிள்ளைகள் கேட்டதுக்குப் பதில் தேடுதேன்.

எங்க சபையில திருவிருந்து (அப்பமும் ரசமும் எடுக்கிற) நேரம் வந்ததும் பலபேர் எழும்பவே மாட்டாங்க. கேட்டா, "அண்ணன்கூட வரப்புத் தகராறு, எடுத்தா ஆக்கினை (தண்டனை) வரும்லா" என்பாங்க. அவங்க காட்டுற ஆதாரம் 1 கொரிந்தியர் 11:27-29; தகுதியில்லாம எடுக்கிறவனுக்கு ஆக்கினைன்னு பவுல் எழுதினது. ஆனா 28-ஆம் வசனத்துல தன்னைச் சோதிச்சுப் பார்த்து, அப்புறம் சாப்பிடணும்னுதானே இருக்கு? விலகியே இருன்னு பவுல் சொல்லலையே. கொரிந்துல பிரச்சினையே, ஒருத்தன் முந்திச் சாப்பிட்டு வெறிச்சுக் கிடக்க, இல்லாதவன் பசியோட இருந்ததுதான் (11:21). மத்தேயு 5:23-24-லயும் முதல்ல சகோதரனோட ஒப்புரவாகு, பிறகு திரும்பி வான்னுதான் இருக்கு. வரப்பை விடாம திருவிருந்துப் பந்தியை மட்டும் விடுறது மனந்திரும்புதல் ஆகுமா? இதை நான் சொன்னா சண்டைக்கு வருவாங்க, அது வேற!

தம்பி போய்ப் பேசியும் அண்ணன் இறங்கி வரலன்னா, தம்பி பந்திக்கு வரலாமா? கூடுமானா, உங்களால ஆனமட்டும் எல்லாரோடயும் சமாதானமா இருங்கன்னு சொல்ற ரோமர் 12:18 இதுக்குப் போதுமா?

ஒரு பையனோட அம்மா ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). சாவான பாவம் (கனமான பாவம்) இருந்தா பாவசங்கீர்த்தனம் செஞ்சுட்டுத்தான், அதாவது குருகிட்ட பாவத்தைச் சொல்லிட்டுத்தான், நன்மை (அவங்க திருவிருந்து) வாங்கணும்னு சொல்லி வளர்த்திருக்காங்க. நம்ம ஆராதனையில எல்லாரும் சேர்ந்து சொல்ற பாவ அறிக்கை மட்டும் போதுமான்னு கேக்கான். நல்ல கேள்விதான்.

வகுப்புல பயன்படுத்தின குறிப்பு வச்சிருக்கவங்க படம் எடுத்துப் போடுங்க. பதினாலு வயசுப் பிள்ளைக்குப் புரியணும். வரப்புக்காரர் யாருன்னு மட்டும் கேக்காதீங்க.